பிரான்ஸில் குரோசான் வாங்கப் போகிறவர்களுக்கு

குரோசான் என்பது மாவை அடுக்கடுக்காக மடித்து, சுருட்டிச் சுடும் பலகாரம். அதை வாங்கும்போது முதலில் கடையின் பெயர்ப்பலகையைப் படியுங்கள். 'பூலான்ஜெரி' (ரொட்டிக் கடை) என்றிருந்தால், மாவு பிசைவதிலிருந்து சுட்டு எடுப்பது வரை ரொட்டி வேலை முழுவதும் அந்தக் கடையிலேயே நடக்க வேண்டும். 1998-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். ஆனால் அந்தச் சட்டம் ரொட்டியோடு நின்றுவிடுகிறது. அதே கடையின் குரோசான் ஏதோ ஓர் ஆலையிலிருந்து உறைந்த நிலையில் வந்திருக்கலாம். ஆகவே குரோசானுக்குக் கண்ணையும் கையையும்தான் நம்ப வேண்டும்.

எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தால் நான் வாங்க மாட்டேன். கையால் சுருட்டியவற்றில் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும், இன்னொன்றின் நுனி கருத்திருக்கும். 'ஓ பேர்' என்று கேளுங்கள். வெண்ணெயில் செய்தது என்று பொருள். உருவத்தைப் பார்த்தால் கனக்கும் போலிருக்கும். கையில் எடுத்தால் லேசாக இருக்க வேண்டும். பிய்த்தால் மேலோடு நொறுங்கிச் சட்டையெல்லாம் சிதற வேண்டும். உள்ளே தேன்கூடு போலக் கண் கண்ணாகத் தெரியும். வெண்ணெயை நடுவில் வைத்து மாவை மூன்று முறை மும்மடிப்பாக மடித்தால் 27 வெண்ணெய் அடுக்குகள். அடுப்புச் சூட்டில் நீர் ஆவியாகி அவற்றை விலக்கித் தள்ளுவதால்தான் அத்தனை கண்கள். உள்ளே களி போல அப்பியிருந்தால், வெண்ணெய் முன்னதாகவே உருகி மாவோடு கலந்துவிட்டது.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. துலூஸில் ஒரு காலை, பாரிஸ் பழக்கத்தில் 'பேன் ஓ ஷொகொலா' கேட்டேன். கடைக்கார அம்மாள் இடுக்கியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். "ஷொகொலாதீன்" என்றார். நானும் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் கைதட்டினார். அதன் பிறகே இடுக்கி நகர்ந்தது. தென்மேற்குப் பிரான்ஸில் அந்தச் சாக்லேட் பலகாரத்துக்கு அதுதான் பெயர். ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் முகம் மலர்ந்து தருகிறார்கள்.

பெயர்க் குழப்பம் பிரான்ஸோடு நிற்பதில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில், குரோசான் போலவே அடுக்கு மாவில் செய்யும் 'டேனிஷ் பேஸ்ட்ரி' கேட்டபோது, "இங்கே எல்லாமே டேனிஷ்தான்" என்று சிரித்தார் ஓர் இளைஞர். அவர்களுக்கு அது 'வீனர்புரோ', அதாவது வியன்னா ரொட்டி. வியன்னாவில் கேட்டால் கோபன்ஹேகன் பெயரைச் சொல்கிறார்கள்!

குரோசானின் பூர்வீகமும் வியன்னாதான். அங்கே 'கிப்ஃபெர்ல்' என்று பிறை வடிவ ரொட்டி உண்டு. முன்னாள் பீரங்கிப் படை அதிகாரி ஆகஸ்ட் ஸாங் 1830-களின் கடைசியில் பாரிஸில் வியன்னா ரொட்டிக் கடை திறந்து அதைப் பிரபலமாக்கினார். 1683-இல் வியன்னாவைச் சூழ்ந்த துருக்கிய முற்றுகையை முறியடித்த நினைவாகப் பிறந்தது என்ற கதையை வழிகாட்டிகள் சொல்வார்கள், நம்பாதீர்கள். கிப்ஃபெர்ல் அதற்கும் முந்தியது.

பகெட் என்னும் நீளக் குச்சி ரொட்டி வாங்கினால் 'ட்ரடிசியோன்' (பாரம்பரிய முறை) என்று கேளுங்கள். 1993 ஆணைப்படி அந்த மாவை எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது. 'பியேன் குயிட்' என்று சேர்த்துச் சொன்னால் நன்றாகச் சிவந்ததை எடுத்துத் தருவார்கள். பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், மேலோடு நமத்துவிடும். குளிர்சாதனப் பெட்டி இன்னும் மோசம், ரொட்டி சீக்கிரம் விறைத்துவிடும். கடை வாசலிலேயே முனையைக் கிள்ளிச் சாப்பிடுங்கள். அங்கே எல்லோரும் செய்வதுதான்.