ட்ரவுட் இனங்களைப் பிரிக்கும்போது எங்கே வழுக்குகிறோம்?

ட்ரவுட் மீனை யாழ்ப்பாணச் சந்தையில் தேடாதீர்கள், கிடைக்காது. பிரித்தானியர் காலத்தில் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் கொண்டுவந்து விட்ட குளிர்நீர் மீன் அது. ஆனாலும் உயர்தர உயிரியல் வகுப்பில் இனம் என்றால் என்ன என்று படிப்பிக்கும்போது நான் அதைத்தான் எடுப்பேன். உடனே ஒரு பிள்ளை கேட்கும்: "டி.என்.ஏ. பார்த்தால் முடிஞ்சுது தானே சேர், பிறகென்ன சண்டை?" டி.என்.ஏ. விடை தரும், சரி. எதைக் கேட்டோமோ அதற்கு மட்டும்தான் தரும்.

அதிகம் நடக்கும் பிழை, இழைமணியின் (கலத்துக்குள் சக்தி தயாரிக்கும் சிறு உறுப்பு, மைட்டோகொன்ட்ரியா) டி.என்.ஏ.யில் ஒரு சிறு துண்டை மட்டும் வாசித்துவிட்டு முடிவுக்கு வருவது. செலவு குறைவு, வேலை சுலபம். ஆனால் இழைமணி தாய்வழியே வருவது. கட்த்ரோட் என்ற வட அமெரிக்க ட்ரவுட் தாய்க்கும் வானவில் ட்ரவுட் என்ற வேறோர் இனத் தகப்பனுக்கும் பிறந்த குஞ்சு அந்தச் சோதனையில் அசல் கட்த்ரோட் ஆகவே தெரியும். "அம்மா எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டு, சாவகச்சேரி என்றதும் ஆளைத் தென்மராட்சி என்று எழுதிவைப்பது போலத்தான். தகப்பன் நெடுந்தீவாக இருக்கலாமே! கலத்தின் கருவிலுள்ள, இரு பெற்றோரிடமிருந்தும் வரும் டி.என்.ஏ.யிலும் பல இடங்களைப் பார்த்தால்தான் கலப்பு வெளிக்கும். இலங்கைக் குளங்களுக்கு 1952இல் வந்த மொசாம்பிக் திலாப்பியாவும் பின்னர் வந்த நைல் திலாப்பியாவும் கலந்துவிட்டன. ஆகவே இது எங்களுக்கும் தூரத்துக் கதை இல்லை.

அடுத்தது, எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சரிபாராமல் விடுவது. அமெரிக்காவின் கொலராடோவில் கிறீன்பக் கட்த்ரோட் என்றொரு மீன். 1930களில் அழிந்துவிட்டது என்று நினைத்தார்கள். பிறகு சில ஓடைகளில் அது மிஞ்சியிருப்பதாக நம்பி, பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்து வேறு ஓடைகளிலும் விட்டார்கள். 2007இல் மரபணு ஆய்வு வந்தபோது, அப்படிக் காப்பாற்றியவற்றில் பல வேறொரு கட்த்ரோட் வகை என்று தெரிந்தது. அதோடும் குழப்பம் தீரவில்லை. உயிரோடு இருக்கும் மீன்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் அவை வேறு வேறு என்று சொல்லலாம், எது அசல் என்று எப்படிச் சொல்வது? அதற்காக 19ஆம் நூற்றாண்டில் பிடித்து அருங்காட்சியகப் போத்தல்களில் போட்டிருந்த மீன்களின் டி.என்.ஏ.யை எடுத்தார்கள். 2012இல் விடை வந்தது: அசல் கிறீன்பக் பெயார் கிறீக் என்ற ஒரேயொரு ஓடையில்தான் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஓடை அந்த மீனின் பூர்வீக ஆற்றுத் தொகுதியிலேயே இல்லை. யாரோ 19ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் விட்டது. பிடித்த இடத்தை வைத்துப் பெயர் சொல்பவர்கள் இந்தக் கதையை ஒருதரம் நினைத்துக்கொள்ளலாம்.

வேறானவற்றை ஒன்றென்று எண்ணும் இந்தப் பிழைக்கு நேர் எதிராக, வேறுபாட்டைக் கண்டதும் புது இனமென்று வெட்டிப் பிரிக்கும் பிழையும் உண்டு. அயர்லாந்தின் மெல்வின் ஏரியில் பழுப்பு ட்ரவுட் மூன்று விதம்: நத்தை தின்னும் கில்லரூ, மிதவையுயிர்களைத் தின்னும் சொனகன், மீனையே தின்னும் பெரொக்ஸ். ஒரே ஏரிதான், ஆனால் முட்டையிடும் இடங்கள் வேறு. மரபணுவும் அவை பெரும்பாலும் தமக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வதைக் காட்டுகிறது. இத்தனைக்குப் பிறகும் மூன்று இனமா, ஓர் இனத்தின் மூன்று வடிவமா என்று அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. "இத்தனை வீத வேறுபாடு வந்தால் புது இனம்" என்று அளவுகோல் வைத்து வெட்டுவது இங்கே எடுபடாது. என்னைக் கேட்டால், அவை கலக்கின்றனவா என்பதுதான் கேள்வி, வீதம் பிறகு.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒரே மடுவில் இருபது குஞ்சு அள்ளினால் அவை ஒரு தாயின் பிள்ளைகளாக இருக்கலாம், குடும்பத்தை இனமென்று எண்ணிவிடுவோம். ஆற்றின் இரு அந்தங்களில் மட்டும் பிடித்தால், மெல்ல மெல்ல வரும் மாற்றம் வெட்டினாற்போல் தெரியும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மட்டும் பேச்சைப் பதிவுசெய்துவிட்டு நடுவில் முல்லைத்தீவையும் திருகோணமலையையும் விட்டமாதிரி.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பள்ளி ஆய்வுகூடப் பழக்கத்தில் மீனைப் போமலினில் போட்டுவிடாதீர்கள். உருவம் நிற்கும், டி.என்.ஏ. சிதையும். செட்டையில் ஒரு சிறு துண்டை வெட்டி 95 வீத எதனோல் என்ற அற்ககோலில் போட்டால் போதும். கொலராடோவின் பழைய மீன்கள் அத்தனை காலம் கழித்தும் வாய் திறந்தது, அவை கிடந்த போத்தல்களில் இருந்தது அற்ககோல் என்பதால்தான்.