பாவோக் – ஏ.இ.கே இறுதிப்போட்டியைப் பார்ப்பது எப்படி?

கிரேக்கக் கோப்பைக் கால்பந்து இறுதிப்போட்டியில் பாவோக், ஏ.இ.கே என்ற இரண்டு கிளப்பும் மோதினால் கோலை மட்டும் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், விஷயம் அதைவிடப் பழையது. முதலில் சட்டையில் இருக்கும் சின்னத்தைப் பாருங்கள். இரண்டிலும் இரட்டைத்தலைக் கழுகு, ஏனென்றால் இரண்டு கிளப்பையும் தொடங்கியவர்கள் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) அகதிகளாக வந்த கிரேக்கர்கள்: ஏ.இ.கே 1924இல் ஏதென்ஸில், பாவோக் 1926இல் தெசலோனிகியில். ஒரே வீட்டுப் பங்காளிச் சண்டை மாதிரிதான். மஞ்சள்-கறுப்பு என்றால் ஏ.இ.கே, கறுப்பு-வெள்ளை என்றால் பாவோக்.

அப்புறம் பழைய ஆட்டங்களைத் தேடி வரிசையாகப் பாருங்கள். 2017, 2018, 2019 என்று மூன்று வருடமும் இறுதியில் இதே ஜோடி, மூன்றிலும் ஜெயித்தது பாவோக். வோலோஸில் நடந்த 2017 ஆட்டத்தில் பந்து உருளும் முன்பே ரசிகர்களுக்குள் அடிதடி. அவ்வளவு நேரமில்லையா? சரி, 2019இல் பாவோக்கின் சூபா அக்போம் அந்தரத்தில் புரண்டு உதைத்த அந்த ஒரே கோலையாவது பாருங்கள்.

நேரில் போவதாக இருந்தால், எந்தப் பக்கத்துக்கு டிக்கெட் என்று வாங்கும்போதே கவனியுங்கள், மஞ்சள் சட்டையோடு பாவோக் பக்கம் போய் நிற்காதீர்கள்.