புராஜெக்ட் ரிப்போர்ட்: காப்பியில் சிக்காமல் எழுத

காப்பி அடிப்பது பெரும்பாலும் கடைசி இரவில்தான் நடக்கும். மார்க் மட்டுமே குறி என்றால் சாட்ஜிபிடி கையை இழுக்கும். ஆகவே தலைப்பை நீங்களே தேர்ந்தெடுங்கள். சீனியரிடம் தலைப்பு வாங்கினால் கூடவே அவர் ரிப்போர்ட்டும் வந்துவிடும்! கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே முதல் வரைவு முடிந்திருக்கட்டும்.

கட்டுரையைப் படித்ததும் மூடிவிட்டு, நினைவிலிருந்து நான்கு வரி எழுதுங்கள். பக்க எண்ணை அப்போதே குறியுங்கள். திறந்து வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றினால் வாக்கிய அமைப்பு அப்படியே தங்கிவிடும், அதுவும் திருட்டுதான்.

ஏஐயிடம் புரியாத சூத்திரத்தை விளக்கச் சொல்லலாம், பிழை பார்க்கச் சொல்லலாம், கல்லூரி அனுமதித்தால். மேற்கோள் பட்டியல் மட்டும் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, டிஓஐ எண் (இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் எண்) எல்லாம் கச்சிதமாகத் தந்துவிடும். ஒவ்வொரு டிஓஐயையும் பிரவுசரில் போட்டுத் திறந்து பாருங்கள். எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று முன்பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்.

இந்தியாவில் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10% வரை தண்டனை இல்லை. 40% வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60% வரை என்றால் ஓராண்டுத் தடை. அதைத் தாண்டினால் பதிவே ரத்து. 9% வந்தாலும் ஒற்றுமையைக் காட்டும் ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள்: அது முழுவதும் ஒரே பத்தியாக இருந்தால் வழிகாட்டி கேட்கத்தான் செய்வார். கூகுள் டாக்ஸில் எழுதினால் பழைய வரைவுகள் பதிப்பு வரலாற்றில் இருக்கும். சந்தேகம் எழுந்தால் அதைக் காட்டலாம்.