தேக்கு இறக்குமதி: சுங்க அபராதம் எங்கே விழும், எப்படிக் குறையும்?

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ மர வாடி நடத்துகிறீர்கள். சொந்தப் பெயரிலேயே ஆப்பிரிக்கத் தேக்கு ஒரு கன்டெய்னர் தூத்துக்குடியில் இறக்கலாம் என்று யோசனை. சரி, சுங்கச் சட்டம் 1962-இன் அபராதக் கணக்கைப் பார்த்துவிட்டு முன்பணம் அனுப்புங்கள்.

முதல் படி: அளவு. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். உருட்டு மரத்தை ஹாப்பஸ் முறையில் அளப்பார்கள். சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 1 மீட்டர் சுற்றளவு, 3 மீட்டர் நீளம் என்றால் 0.1875 கன மீட்டர் வரும். உண்மையான கன அளவோ சுமார் 0.239. எந்த அளவு என்பதை இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்டிலும் எழுதி வாங்குங்கள். அறிவித்ததும் இறங்கியதும் ஒத்துப்போகாவிட்டால் 111-ஆம் பிரிவில் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். மீட்புத் தொகை கட்டி மீட்க வழி உண்டு, ஆனால் அது வரிக்கு மேல் தனிச் செலவு.

அடுத்து தேதி. கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்திடம் சரக்கை அறிவிக்கும் படிவம்) போட வேண்டும் என்பது பொது விதி. தவறினால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. விடுமுறை நாளும் கணக்கில் உண்டு. பொங்கல் என்று ஏஜெண்ட் சாக்குச் சொன்னால் கேட்காதீர்கள்.

ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் பூச்சி கொல்லப் புகையூட்டிய விவரமும் சரக்கோடு வரட்டும். இல்லையென்றால் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும்.

இப்போது முக்கியமான படி. வரி 1,00,000 ரூபாய் குறைவாகக் கட்டியிருப்பது தெரிகிறது என்று வையுங்கள். வேண்டுமென்று செய்யாத பிழையா? நோட்டீஸ் வரும் முன்போ, வந்து 30 நாளுக்குள்ளோ வரியையும் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியையும் கட்டினால் அபராதமே இல்லை. தெரிந்தே மறைத்தது என்று உத்தரவானால் 114ஏ பிரிவில் அபராதம் இன்னொரு 1,00,000. உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் வரி, வட்டி, அபராதம் எல்லாம் கட்டினால் அந்த அபராதம் 25,000-ஆகக் குறையும். பொய் ஆவணம் கொடுத்திருந்தால் கதையே வேறு: 114ஏஏ பிரிவில் சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை போகலாம். ‘விலையைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன்’ என்பவரிடம் சரக்கே வாங்காதீர்கள்.

உத்தரவு தவறு என்று பட்டால்? உதவி ஆணையர் போட்டதென்றால் 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். வழக்கில் உள்ள வரியில் 7.5 சதவீதம் முன்கூட்டிக் கட்டவேண்டும். உத்தரவு வந்த அன்றே தேதியைக் குறித்துவையுங்கள், 30-ம் 60-ம் அன்றிலிருந்துதான் ஓடும்.