சின்ன ஊரில் ஒரு மாதம் சிக்கனமாக: முதல்முறை முயல்பவர்களுக்கு

சின்ன ஊரில் இருப்பவர்களுக்குச் செலவே இருக்காது என்று நகரத்து நண்பர்கள் சொல்வார்கள். வாடகை குறைவு, ஆசை காட்டும் கடைகளும் குறைவு. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. பணம் எங்கேதான் போகிறது என்று பார்க்கவே ஒரு மாதம் சிக்கனமாக இருந்து பார்த்தேன். பெரிய செலவு என்று சொல்ல எதுவும் அகப்படவில்லை. ஒரு சாமானுக்காகப் பக்கத்து நகரத்துக்குப் போவது, போன இடத்தில் சாப்பிடுவது, வந்ததே வந்தோம் என்று இன்னும் இரண்டு வாங்குவது, இதில்தான் பாதி கரைந்திருந்தது. அதனால் கீழே உள்ள படிகளில் பலவும் வீட்டை விட்டுக் கிளம்புவதைப் பற்றியே இருக்கும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

சம்பளம் வந்த நாளில் தொடங்கி அடுத்த சம்பளம் வரை. காலண்டர் மாதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். பள்ளிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை, நெருங்கிய வீட்டு விசேஷம் வரும் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். வாடகை, கடன் தவணை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே தனியே ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் கை வைக்கக் கூடாது.

படி 2: ஒரு வாரம் முன்பே எழுதத் தொடங்குங்கள்

இந்த வாரம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். ஒரு சாதாரண நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: நாள், என்ன வாங்கினேன், எவ்வளவு, எதற்காகக் கிளம்பினேன். செல்பேசிச் செயலியும் சரிதான். ஆனால் கையால் எழுதும்போது ஒரு சின்னக் கூச்சம் வருகிறது, அது நல்லது. வீட்டுக் கணக்கு எழுதுவதை முறைப்படுத்தி 1904-இல் ஜப்பானில் ஹனி மோதோகோ என்ற பத்திரிகையாளர் குடும்பங்களுக்கென்றே ஒரு கணக்கேடு வெளியிட்டார். இன்று 'ககேய்போ' என்று பேசப்படும் முறையின் தொடக்கம் அதுதான். நூறு வருடம் கழித்தும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நான்காவது கட்டம் நான் சேர்த்துக்கொண்டது. என் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கிறது. எதற்காகக் கிளம்பினேன்: டார்ச் பேட்டரி. என்ன வாங்கினேன்: சோப்பு டப்பா, நகவெட்டி, இரண்டு பேனா, ஒரு குளிர்பானம். பேட்டரி? அந்த அளவு கடையில் இல்லை.

படி 3: வீட்டில் இருப்பதை எண்ணுங்கள்

ஒரு ஞாயிறு காலை போதும். சமையலறை அலமாரி, குளியலறை, அந்தக் 'கண்டதையும் போடும்' இழுப்பறை. எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை நாளைக்கு வரும் என்று எழுதுங்கள். எனக்கு ஆறு பல்துலக்கி, பாதி தீர்ந்த மூன்று ஷாம்பு பாட்டில்கள், ஒரே நிறத்தில் நான்கு நூல்கண்டு கிடைத்தன. இழுப்பறையின் அடியில், பிரிக்காத உறையில், செவ்வாய்க்கிழமை தேடிப்போன அதே பேட்டரி.

இந்தப் பட்டியலை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். கிளம்புவதற்கு முன் அதை ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: பணத்தை நாளால் வகுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். மாதச் செலவுப் பணத்தை நான்கால் வகுத்து வாரத்துக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்வார்கள். மாதம் நான்கு வாரம் அல்ல. முப்பது நாள் என்றால் நான்கு வாரமும் இரண்டு நாளும்.

கையில் 9000 இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கால் வகுத்தால் வாரத்துக்கு 2250, கடைசி இரண்டு நாளுக்கு ஒன்றுமே இல்லை. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 300, வாரத்துக்கு 2100. நான்கு வாரம் போக 600 மிச்சம் இருக்கும், கடைசி இரண்டு நாளும் ஓடிவிடும். ஐந்து கவர் வாங்கி வாரம் ஒன்றுக்கு ஒன்று என்று பணத்தைப் போடுங்கள். ஐந்தாவது கவர் அந்த இரண்டு நாளுக்கு. வார நடுவில் கவர் காலியானால் அடுத்ததைப் பிரிக்காமல், வீட்டில் இருப்பதை வைத்து ஓட்டிப் பாருங்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், எனக்கு வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டது.

படி 5: நகரப் பயணத்தை மாதம் ஒருமுறை ஆக்குங்கள்

சின்ன ஊரில் கிடைக்காத சாமான் நிறைய உண்டு. அதற்காக நகரத்துக்குப் போவது தவறில்லை. நினைத்தபோதெல்லாம் போவதுதான் பணத்தைத் தின்கிறது. உங்கள் ஊரில் 1000-க்குக் கிடைக்கும் ஒரு பொருள் நகரத்தில் 850 என்று வையுங்கள். போய்வர 80, வெளியில் சாப்பாடு 120. 150 மிச்சம் பிடிக்க 200 செலவு, போதாததற்கு அரை நாளும் போச்சு. அதே பயணத்தில் இப்படி ஆறு வேலை முடிந்தால் கணக்கு தலைகீழாக மாறும்.

எனவே நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'நகரம்' என்று தலைப்பிட்டு, தேவைப்படுவதை அங்கே எழுதிக்கொண்டே வாருங்கள். மாதத்தில் ஒரு நாள், கையில் சாப்பாட்டோடு கிளம்புங்கள். இணையத்தில் வாங்குவதையும் இதே பக்கத்தில் எழுதலாம். இலவச டெலிவரிக்காக வேண்டாத ஒன்றைச் சேர்த்து வாங்கும் பழக்கம் தானாகவே நிற்கும். நான் அந்தப் பக்கத்தில் பதினொன்று எழுதியிருந்தேன். கிளம்பும் நாள் வந்தபோது மூன்றுதான் உண்மையில் தேவைப்பட்டது.

படி 6: கடன் கணக்கை மூடுங்கள்

தெரிந்த கடைக்காரர் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பது சின்ன ஊரின் பெரிய வசதி, பெரிய பொறியும்கூட. தொகை கண்ணில் படாததால் கை தாராளமாகிவிடும். மாதம் தொடங்கும் முன் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு, 'இந்த மாதம் கணக்கில் எழுத வேண்டாம், கையோடு கொடுத்துடறேன்' என்று சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொல்லக் கூச்சமாக இருக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

அதற்காகச் சில்லறை வித்தியாசத்துக்கு அந்தக் கடையையே விட்டுவிடாதீர்கள். வேண்டிய அளவு மட்டும் நிறுத்துக் கொடுப்பவர் சிக்கனக்காரருக்குப் பெரிய துணை. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பதும் உண்மையல்ல. விலையை எடையால் வகுத்துப் பாருங்கள், செல்பேசியில் பத்து நொடி வேலை.

படி 7: சமையலறை

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-இல் நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் 19 விழுக்காடு வீணாகியிருக்கிறது. அதில் 60 விழுக்காடு வீடுகளில். அதாவது உணவகங்களைவிடக் குப்பையில் அதிகம் கொட்டியது நாம்தான்.

வாரம் முழுவதற்கும் சமையல் திட்டம் போடச் சொல்வார்கள். எனக்கு அது மூன்று நாளுக்குமேல் ஓடியதில்லை. எளிய வழி ஒன்று உண்டு. ஃபிரிட்ஜின் மேல்தட்டில், கண்ணுக்கு நேராக, ஒரு தட்டு வையுங்கள். முதலில் தீர வேண்டியதெல்லாம் அதில்: நேற்று மீந்தது, பாதி நறுக்கிய காய், நாளைக் கடந்தால் கெடும் கீரை. சமைக்கப் போகும்போது முதலில் அந்தத் தட்டைத்தான் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜின் உள்ளே 5 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருக்கட்டும். மீந்த சமையலைச் சூடு ஓரளவு தணிந்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். கெட்டதைச் சாப்பிடுவது சிக்கனம் ஆகாது.

படி 8: மின்சாரம்

பல்பை அணைத்து அணைத்துக் களைத்துப்போக வேண்டாம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய கால் யூனிட் ஆகும். அதே கால் யூனிட்டில் 9 வாட் எல்இடி பல்பு ஏறக்குறைய 28 மணி நேரம் எரியும். சூடாக்கும் சாதனங்களையும் குளிரூட்டும் சாதனங்களையும் கவனித்தால் போதும். சுவிட்சை அணைக்காமல் விட்ட மின்சாதனம் ஒன்று நாள் முழுதும் 5 வாட் இழுத்தால் மாதத்துக்கு 3.6 யூனிட். ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்துவையுங்கள்.

படி 9: மாலை நேரம்

சின்ன ஊரில் வாங்கத் தூண்டுவது பல நேரம் அலுப்புதான். ஆறு மணிக்கு வேறு வேலை இல்லை, சரி, கடைப்பக்கம் ஒரு நடை. நூலகம், விளையாட்டுத் திடல், யார் வீட்டுத் திண்ணையோ, முன்கூட்டியே ஓரிடத்தை முடிவுசெய்து வையுங்கள். பர்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். ஏணி, துளைபோடும் கருவி போன்றவற்றை இரவல் கேளுங்கள். வாங்கியதைத் துடைத்து, சொன்ன நாளுக்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஊரே பேசும்.

நான் செய்த தவறு

மூன்றாவது வாரம் பல் வலித்தது. கவர் மெலிந்திருந்ததால் மாதம் முடியட்டும் என்று கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டேன். அடைத்தால் போதும் என்றிருந்த பல்லுக்குப் பிறகு வேர்ச்சிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்ததைப்போல இருமடங்கு அங்கே போனது. வலி, காய்ச்சல், தேய்ந்த பிரேக், கசியும் கேஸ் குழாய் எதுவானாலும் சிக்கன மாதத்திலும் அன்றே கவனியுங்கள். தனிக் கவர் ஒன்றை இதற்கென்றே போட்டு வையுங்கள்.

கடைசி நாள்

மிஞ்சிய பணத்தை அன்றே வேறு கணக்குக்கு மாற்றுங்கள், கையில் இருந்தால் கரைந்துவிடும். வட்டி ஏறும் கடன் இருந்தால் முதலில் அதற்கு. மாதம் 3 விழுக்காடு வட்டியில் நிற்கும் 100, ஒரு வருடத்தில் ஏறக்குறைய 142.6 ஆகிவிடும், அதற்கு ஈடான வட்டி தரும் சேமிப்பு நமக்குக் கிடைப்பது அரிது.

பிறகு நோட்டின் நான்காவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். எனக்கு முதல் வாரம் பதினான்கு கிளம்பல், கடைசி வாரம் ஐந்து. விட்டதில் எது உண்மையில் குறையாகத் தெரிந்ததோ அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சேர்த்தது ஒன்றே ஒன்று: சனிக்கிழமை மாலை நண்பரோடு கடையில் குடிக்கும் டீ. அது இப்போது முதல் கவரிலேயே தனியாக எழுதப்பட்டிருக்கிறது.