துப்பாக்கி வேட்டை நாய்: இணை சேர்ப்பது முதல் குட்டி கைமாறும் வரை

சுட்டு விழுந்த பறவையைக் கவ்வி வரும் லாப்ரடார், ஸ்பானியல் நாய்களை வளர்ப்பவர்கள் பலரும் பரிசு வாங்கிய கடுவனைத் தேடி அலைகிறார்கள். வம்சம் நிற்பதோ பெட்டையால். இரண்டு வயது முடிந்து, ஒரு வேட்டைப் பருவமாவது முழுதாக வேலை பார்த்த பெட்டையையே இணை சேர்க்க வேண்டும். இரண்டு குறைகள் உள்ள நாயை இணை சேர்க்கவே கூடாது: காத்திருக்கும்போது முனகுவது, கவ்விய பறவையை நசுக்குவது. நாய் கொண்டுவந்த பறவையின் விலாவை இரு பக்கமும் விரலால் தடவுங்கள். ஒன்றிரண்டு பறவையில் மட்டும் விலா உள்வாங்கியிருந்தால் விழுந்த அடியாக இருக்கலாம். அடிக்கடி அப்படியென்றால் வாய்தான் காரணம். பயிற்சியில் இவை அடங்கியதுபோலத் தெரியும், குட்டிகளில் மறுபடி தலைகாட்டும்.

இடுப்பு, முழங்கை எக்ஸ்ரேயும் கண் பரிசோதனையும் கட்டாயம். லாப்ரடாரில், கடுமையாக ஓடினால் பின்னங்கால் தளர்ந்து சரியும் மரபுநோய் உண்டு. அதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது. தனக்கு நோய் வராமல் நோய்க்கூறைச் சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. சுமக்கிறது என்பதற்காக நல்ல வேலைக்கார நாயைக் கழிக்க வேண்டியதில்லை. கூறு இல்லாத நாயோடு சேர்த்தால் போதும்.

இணை சேர்க்கும் நாளை விரல்விட்டு எண்ணாமல் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனையில் முடிவு செய்யுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். கடைசி வாரம் காலையும் மாலையும் உடல் வெப்பம் பாருங்கள். 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஈன்றுவிடும். அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால் உடனே மருத்துவர்.

முதல் வாரம் குட்டிகள் கிடக்கும் இடம் 30 டிகிரி இருக்கட்டும். தாய் ஒதுங்க ஒரு மூலை குளிர்ச்சியாக வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் எடை ஏறாவிட்டாலும் அந்தக் குட்டியைக் கவனியுங்கள். பால் நிறைந்த காம்பில் முதலில் அதை விடுங்கள். பூச்சி மருந்து இரண்டாவது வாரம் தொடங்கும்.

மூன்றாவது வாரத்திலிருந்து, சாப்பிடும் வேளையில் தட்டு, கதவுச் சத்தம் பழகட்டும். துப்பாக்கி இப்போது வேண்டவே வேண்டாம். வெடிக்கு மிரளும் நாய்களில் பெரும்பாலானவை வளர்ப்பவரின் அவசரத்தில் உருவானவை. ஏழாவது வாரம் குட்டி கவ்வி வருவதற்குச் சுருட்டிய காலுறையை ஒடுக்கமான நடைவழியில் இரண்டு தடவை எறியுங்கள், அதற்குமேல் சலித்துவிடும். வாயிலிருந்து பிடுங்காதீர்கள், இழுபறியில்தான் குட்டி அழுத்திக் கடிக்கப் பழகுகிறது.

எட்டாவது வாரம் கைமாறிய பிறகும் கணக்கு முடியாது. குட்டி வேலைக்குப் போன பின் வாங்கியவரிடம் முனகல், வாய், இடுப்பு மூன்றையும் கேட்டு நோட்டில் ஏற்றுங்கள். ஓர் ஈற்றில் இரண்டு குட்டிகளுக்கு ஒரே குறை வந்தால், அந்த ஜோடியை மறுபடி சேர்க்காதீர்கள்.