டெஸ்டிங்கை வெளியே கொடுக்கிறீர்களா? பட்ஜெட் உதைக்கும் இடங்கள்

மொரீஷியஸின் எபேன் சைபர்சிட்டியில் சின்னதாக மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர்கள் டெஸ்டிங்கை, அதாவது மென்பொருளைச் சோதிக்கும் வேலையை, சென்னைக்குக் கொடுப்பது வசதியான ஏற்பாடுதான். மொரீஷியஸுக்கும் இந்தியாவுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். இங்கே ஆபீஸ் திறக்கும்போது அங்கே ஆட்கள் வேலையில் இருப்பார்கள். ஆனால் கணக்கு உதைக்கும்.

முதல் சுற்றுக்கு மட்டும் பணம் ஒதுக்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 200 டெஸ்ட் கேஸ் (தனித்தனியாகச் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள்) இருக்கிறது, ஒருவர் நாளுக்கு 25 முடிப்பார் என்று வையுங்கள். கொட்டேஷனில் 8 நாள் என்று வரும். அந்த 8 நாளில் 40 பக் (மென்பொருள் பிழை) கிடைக்கிறது. டெவலப்பர் திருத்திக் கொடுத்ததும் அந்த நாற்பதையும் மறுபடி பார்க்க 2 நாள். திருத்தியதில் வேறெதுவும் உடைந்ததா என்று பழைய கேஸ்களில் பாதியையாவது ஓட்ட 4 நாள். திருத்தியும் சரியாகாத சிலவற்றுக்கு இன்னும் 2 நாள். ஆக 16. யாரும் ஏமாற்றவில்லை, அந்த வேலையின் அளவே அதுதான். விலையில் எத்தனை மறுசோதனை அடக்கம், அதற்கு மேல் போனால் நாளுக்கு எவ்வளவு என்று கையெழுத்துப் போடும் முன்பே எழுதி வாங்குங்கள்.

அடுத்தது, மணிக்கூலி குறைவு என்று மயங்குவது. "பேமென்ட் பக்கம் வேலை செய்யவில்லை" என்று ஒரே வரியில் பக் வந்தால் எந்த ஃபோன், எந்த வெர்ஷன், எந்த அட்டை என்று தோண்டியே உங்கள் டெவலப்பருக்கு அரை நாள் போய்விடும். அந்த அரை நாள் சம்பளம் எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது. அவர்கள் முன்பு எழுதிய பக் ரிப்போர்ட் இரண்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வந்த பக்கைப் பிரித்துப் பார்க்க உங்கள் பக்கமும் ஓர் ஆள் வேண்டும். அவர் நேரமும் செலவுதான்.

நம் ஊருக்கே உரிய ஒன்று பிரெஞ்சு. ஆங்கிலத் திரையை மட்டும் சோதித்துவிட்டு, பிரெஞ்சு வாசகம் பட்டனுக்குள் அடங்காமல் வழிவதையும், மேற்குறி போட்ட எழுத்துகள் குப்பையாக மாறுவதையும் வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும்வரை விட்டுவைக்கிறோம். பிரெஞ்சு தெரிந்த ஆளுக்கு இங்கேயே தனியாகப் பணம் ஒதுக்குவதுதான் சரி.

ரூபாய் என்று போட்டிருந்தால் எந்த நாட்டு ரூபாய் என்று பாருங்கள். டாலர் என்றால் ஏற்ற இறக்கத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். உள்ளூர் ஏஜென்சி என்றால் 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்த விலையா என்றும் கேளுங்கள். அப்புறம், நிஜ வாடிக்கையாளர் விவரங்களை அப்படியே டெஸ்ட் செய்ய அனுப்பிவிடாதீர்கள். தரவு வெளிநாடு போவதற்கு 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிபந்தனைகள் வைத்திருக்கிறது. போலித் தரவு தயாரிக்கும் செலவையும் சேர்த்துவிடுங்கள். ஆட்டோமேஷனை (சோதனையைத் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல்களை) எழுதும் செலவோடு கணக்கை மூடிவிடாதீர்கள். திரை மாறும்போதெல்லாம் ஸ்கிரிப்டையும் மாற்ற வேண்டும்.

ரிலீஸ் தேதியை ஜனவரி நடுவில் வைக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பொங்கல் இங்கே பொது விடுமுறை இல்லை, சென்னையில் ஆபீஸ் காலியாக இருக்கும். அந்த நாட்களில் ஆள் வேண்டுமென்றால் கூடுதல் கூலி எவ்வளவு என்று நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள்.